புள்ளி வைத்த இணைகரம்

ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் மயிலாப்பூர் விழாவில் வடக்கு மாட வீதி கோலப் போட்டிக்குக் களமாகிறது. அந்தப் புள்ளிக் கோலங்களைப் பார்க்கும் கணித ஆசிரியருக்கு, நாற்கரங்களின் கோணங்களை இவற்றை வைத்தே நடத்திவிடலாமே என்று தோன்றும். அந்த ஆசைக்கு வலுவான பின்னணியும் உண்டு. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் 1974-லேயே கோலங்களுக்குக் கணித இலக்கணம் எழுதிக் காட்டிவிட்டார்கள்.

ஊடுபுள்ளியில், முந்தைய வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி அமரும். புள்ளிகளுக்கு இடையே 10 செ.மீ., வரிசைகளுக்கு இடையே சுமார் 8.7 செ.மீ. என்றால், அடுத்தடுத்த இரு வரிசைகளிலும் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டிரண்டை இணைக்க, 60°, 120° கோணங்களுடன் சாய்சதுரம் கிடைக்கும். கோலம் போடுகிறவர்கள் ஸ்கேல் வைத்து அளப்பதில்லை. வரிசை இடைவெளியும் 10 செ.மீ. ஆகிவிட்டால், பக்கங்களின் சமம் போய் வெறும் இணைகரம் மிஞ்சும். கோணங்கள் ஏறத்தாழ 63.4°, 116.6°. அப்போதும் எதிர்க்கோணங்கள் சமம், அடுத்துள்ள கோணங்களின் கூடுதல் 180°. எது மாறுகிறது, எது மாறவில்லை என்பதைக் குழந்தை கண்ணால் காண்கிறது. தி.நகரிலும் அடையாறிலும் டியூஷனில் பண்புகளின் பட்டியலை ஒப்பிக்கும் பிள்ளைக்கு இந்த அனுபவம் வாய்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

ஆனாலும் கோலத்தை மட்டும் நம்பக் கூடாது. சாய்சதுரமே கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால், எல்லா இணைகரத்திலும் மூலைவிட்டங்கள் செங்குத்தாக வெட்டும் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. வரிசையாகப் புள்ளி வைக்கும்போதே இணைகோடுகள் உள்ளே வந்துவிடுகின்றன. எதிர்க்கோணங்கள் சமமாக இருந்தாலே அது இணைகரம்தான் என்ற மறுதலையைக் கோலத்தால் காட்ட முடியாது. அதற்குப் பாடநூல் நிரூபணமே வேண்டும்: a + b + a + b = 360°, எனவே a + b = 180°; குறுக்குவெட்டியின் ஒரே பக்க உட்கோணங்கள் மிகை நிரப்பிகள் ஆவதால் பக்கங்கள் இணை.

ஆசிரியர் இரண்டையும் சேர்க்க வழி இருக்கிறது. இணைகரத்தின் ஒரு புள்ளியை, அது நிற்கும் இரு பக்கங்களில் ஒன்றின் நீட்சியிலேயே தள்ளி வைக்கச் சொல்லலாம். எதிர்க்கோணச் சமம் உடையும். சரிவகம் ஆகிவிட்டாலும் இணையாக நிற்கும் இரு பக்கங்களுக்கு இடையே 180° நிலைக்கும். அந்த இரு பக்கங்களின் நேர்கோடுகளையும் விட்டு விலக்கி வைத்தால் அதுவும் போய், நான்கு கோணங்களின் கூடுதல் 360° மட்டும் மிஞ்சும்.