எட்டு செல்லோ, நான்கு கிட்டார்

மூன்று வாரமாக, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு ஒரே இசைப்பதிவைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ‘பிரேசிலியன் கிட்டார் குவார்ட்டெட்’ என்ற நால்வர் குழு வாசித்த, பிரேசில் இசையமைப்பாளர் வில்லா-லோபோஸின் ‘பாக்கியானாஸ் பிரசிலெய்ராஸ்’, முதலாம் எண். முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. ஹெட்ஃபோனைக் கழற்றிய பிறகும் காதுக்குள் அந்த நான்கு கிட்டார்களும் பேசிக்கொண்டே இருக்கின்றன. படுத்தால் தூக்கம் வருவதில்லை, அதில் வருத்தமும் இல்லை. இப்படி ஓர் ஆனந்தம் எனக்குக் கிடைத்துப் பல வருடமாகிறது!

வில்லா-லோபோஸ் எனக்குப் புதியவர் அல்ல. கிட்டார் கற்றுக்கொள்கிற எவருக்கும் ஒருநாள் அவருடைய ‘ஷோரோஸ்’ முதலாம் எண் கைக்கு வந்தே தீரும். 1920-ல் எழுதி, ரியோவின் பியானோ மேதை எர்னெஸ்டோ நாசரெத்துக்கு அவர் காணிக்கையாக்கிய துண்டு அது. தொடக்கத்தில் மூன்று சுரங்கள், ஒவ்வொன்றும் நின்று நிதானித்து வரும். பிறகு தாளம் ஆடத் தொடங்கிவிடும். நான் அந்த ஆட்டம் பிடிபடாமல் திணறியபோது எனக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தட்டிக் காட்டினார். “தகதிமி சொல்லுப்பா. ‘தி’யை மட்டும் வாசிக்காம மனசுக்குள்ள விட்டுடு.” த, க, மௌனம், மி. பிரேசில் இசையின் உயிர் அந்தச் சொல்லாத ‘தி’யில் இருக்கிறது என்று அன்று தெரிந்தது. இன்றைக்கும் அந்த நாட்டு இசை எதைக் கேட்டாலும் என் விரல் தானாக அதைத்தான் தேடுகிறது.

ஆனால் ‘பாக்கியானாஸ்’ வேறு சங்கதி. 1930-ல் வில்லா-லோபோஸ் இதை எழுதியது செல்லோக்களுக்காக, குறைந்தது எட்டு செல்லோக்கள் வேண்டும். செல்லோ வில் போட்டு இழுக்கிற வாத்தியம். ஒரு சுரத்தை நீட்டலாம், நடுவில் வளர்க்கலாம், கரையவிடலாம். கிட்டாரில் அந்த வசதி கிடையாது. தந்தியை மீட்டிய மறுகணமே ஒலி தேயத் தொடங்கிவிடும். எட்டு செல்லோக்களின் வேலையை நான்கு கிட்டார்கள் எப்படிச் செய்யும்?

முதல் பகுதி தொடங்கிய சில நொடிகளிலேயே அந்தக் கேள்வி போய்விட்டது. அதன் பெயர் எம்போலாடா. பிரேசிலின் வடகிழக்கில் மூச்சுவிடாமல் சொற்களைக் கொட்டிப் பாடுகிற பாட்டுக்கு அந்தப் பெயர். செல்லோவில் இந்த வேகம் கனத்த மழைபோல, திரண்டு வரும். கிட்டாரில் ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தகரக் கூரையில் விழுகிறது! பாடகனின் நாக்கு புரள்வதே கேட்கிறது.

இந்தக் குழுவின் வாத்தியங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1998-ல் உருவான குழு இது. இரண்டு கிட்டார்களில் வழக்கமான ஆறு தந்தி, மற்ற இரண்டில் எட்டு. நிறுவியவர்களில் ஒருவரான ஸ்காட்லாந்துக்காரர் பால் கால்பிரெய்த்துக்காக டேவிட் ரூபியோ என்ற கிட்டார் ஆசாரி செய்துகொடுத்த எட்டுத் தந்தி வாத்தியத்தில், கீழே ஒரு தந்தி, மேலே ஒரு தந்தி கூடுதல். கால்பிரெய்த் அதை மடியில் கிடத்துவதில்லை. அடியில் ஒரு உலோகக் கம்பி பொருத்தி, மரப்பெட்டி ஒன்றின் மேல் ஊன்றி, செல்லோவைப் போலவே நிமிர்த்தி வைத்து வாசிப்பார். ஆழத்துக்கும் உச்சத்துக்கும் இப்படி இடம் கிடைத்துவிட்டதால்தான் ஜெர்மன் இசைமேதை பாக்கின் நான்கு ஆர்கெஸ்ட்ரா சூட்களைக்கூட இவர்களால் கிட்டாரில் பதிவு செய்ய முடிந்திருக்கிறது.

இரண்டாம் பகுதி, மொஜீன்யா. பழைய பிரேசிலியக் காதல் பாட்டின் சாயல், நீண்ட நீண்ட வரிகள். நான் மிகவும் பயந்த இடம் இதுதான். இவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், ஒருவர் மீட்டிய சுரம் தேயும் தறுவாயில் இன்னொருவர் அடியில் ஒரு சுரத்தை மெல்ல வைக்கிறார். ராகம் அறுபடாமல் அதன்மேல் ஏறிப் போகிறது. தேய்வதே அழகாகிவிட்டது. கேட்டுக்கொண்டிருக்கும்போது இரண்டு தடவை கண் கலங்கியது, மூன்றாம் தடவை எண்ணவில்லை.

கடைசிப் பகுதிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அது ஒரு ஃபியூக். பாக்கின் முறைப்படி ஒரு குரல் ஆரம்பிக்க, இன்னொன்று அதையே வாங்கிப் பேச, பிறகு மூன்றாவது, நான்காவது. வில்லா-லோபோஸ் அதற்கு வைத்த பெயர் ‘கொன்வெர்சா’, உரையாடல். யாருடைய உரையாடல்? ரியோ தெருக்களில் ஷோரோ என்னும் இசையை வாசித்துத் திரிந்த கலைஞர்களுடையது. சாத்திரோ பில்யார் என்ற பழைய கிட்டார் கலைஞரின் பாணியை மனத்தில் வைத்து எழுதியது.

வில்லா-லோபோஸுக்குச் செல்லோ கற்றுக்கொடுத்தவர் அவருடைய அப்பா, ரியோவின் தேசிய நூலகத்தில் வேலை பார்த்தவர். சின்னப் பையனின் கைக்கு அடங்கவேண்டுமென்று ஒரு வியோலாவையே செல்லோவாக மாற்றிக் கொடுத்தார். கிட்டார் மட்டும் வீட்டிலிருந்து வரவில்லை. அந்தக் காலத்தில் அது ஊர்சுற்றிகளின் வாத்தியம். தெருக் கலைஞர்களோடு சுற்றித்தான் அதைக் கற்றார். அப்பாவின் வாத்தியத்துக்கு எழுதும்போதும் அவர் காதில் ஓடிக்கொண்டிருந்தது அந்தத் தெருப்பேச்சு. இந்த நால்வரும் அதைக் கிட்டாரில் வாசிக்கும்போது, பேசியவர்களின் வாய்க்கே பேச்சு திரும்பி வந்ததுபோல இருக்கிறது! ஒருவர் சீண்டுகிறார், ஒருவர் குறுக்கே விழுகிறார், எட்டுத் தந்தியின் அடிக்குரல் “இருங்கய்யா, நான் சொல்றேன்” என்று நுழைகிறது. செல்லோவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இந்த நான்கு மனிதர்களும் அங்கே உட்கார்ந்திருந்ததை இப்போதுதான் பார்த்தேன்.

அந்த ஃபியூக்கின் முதல் குரலை நானே காதால் கேட்டு எழுதி எடுத்துவிட்டேன். மாஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பென்சிலை வாங்கி, கீழே இரண்டாம் குரலை எழுத ஆரம்பித்தார். அவரிடம் படிக்கிற ஒரு காலேஜ் பெண் மூன்றாவதை எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாஸ்டர் வீட்டு மொட்டைமாடியில் உட்காருகிறோம். நான்காவதாக ஒரு கிட்டார் வேண்டும், தேடிக்கொண்டிருக்கிறோம்.