குழுவின் குரலாவதற்கு முன்: அக்னெத்தா பெல்ற்ஸ்கொக்கின் ஆரம்பகால இசைத்தட்டுக்கள் பற்றிய ஒரு நோக்கு

பொப்பிசையின் வரலாற்றை எழுதுவோர், பெருங்குழுக்களின் உறுப்பினர்கள் அக்குழுக்களிற் சேருமுன் ஆற்றிய பணிகளை முன்னுரைச் செய்திகளாகவே கருதி வந்துள்ளனர். பிற்காலப் புகழுக்கான பயிற்சிக் களம் என்பதற்கப்பால் அப்பணிகளுக்குத் தனிப் பெறுமானம் இருத்தல் கூடும் என்பது அவர்களாற் பெரிதும் எண்ணிப் பார்க்கப்படுவதில்லை. சுவீடன் நாட்டின் ‘அபா’ குழுவில் இடம்பெற்ற பாடகி அக்னெத்தா பெல்ற்ஸ்கொக் 1967 முதல் 1971 வரை வெளியிட்ட தனிப்பாடல்கள் இந்நோக்கினாற் பெரிதும் பாதிக்கப்பட்டவை. அவற்றைப் பாடகி ஒருவரின் இளமைக்கால முயற்சிகளாக அன்றி, பாடலாசிரியர் ஒருவரின் ஆக்கங்களாக நோக்குதல் வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.

1950இல் யொன்ஷோப்பிங் நகரிற் பிறந்த பெல்ற்ஸ்கொக்கின் பின்னணி செல்வச் செழிப்புடையதன்று. தந்தையார் உள்ளூர்ப் பொழுதுபோக்கு மேடைகளில் ஈடுபாடு கொண்டிருந்தவர். மகள் ஆறாவது வயதளவிலேயே பாட்டுக் கட்டத் தொடங்கினார். பதினைந்து வயதிற் பாடசாலையை விட்டு, கார் விற்பனை நிறுவனமொன்றிலே தொலைபேசி இணைப்பாளராக வேலை பார்த்தவாறு, இரவுகளில் நடன இசைக்குழுவொன்றிற் பாடிவந்தார். பகலிற் சம்பளத்துக்குப் பிறர் குரல்களை இணைத்துவிட்டு, இரவில் தம் குரலைப் பயன்படுத்திய இவ்விரட்டை உழைப்பே அவரது கலை வாழ்வின் தொடக்கமாகும்.

1967 ஒக்ரோபரில், சீ.பி.எஸ். நிறுவனத்தைச் சார்ந்த கியூபொல் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஸ்ரொக்ஹோமில் அவர் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்தார். அப்போது பதிவான ‘யா வார் ஸோ ஷேர்’ (நான் அத்துணை காதல் கொண்டிருந்தேன்) என்னும் பாடலின் சொல்லும் மெட்டும் அவருடையவை. 1968 ஜனவரியில் அது சுவீடிஷ் வானொலியின் பாடல் வரிசையில் முதலிடம் பெற்றபோது அவருக்கு வயது பதினேழு. பிறர் எழுதித் தந்ததைப் பாடுவதே இளம் பாடகியர்க்குரிய பணி எனக் கொள்ளப்பட்ட ஒரு துறையில் இது சாதாரண நிகழ்வன்று. 1968இல் வெளிவந்த முதல் நெடுந்தட்டிலும் பல பாடல்கள் அவர் தாமே இயற்றியவை.

இப்பாடல்களை மிகைப்படுத்திப் புகழ்வது எமது நோக்கமன்று. அக்கால வடஐரோப்பிய வானொலி மெல்லிசையின் வாய்பாடுகளை அவை பெரும்பாலும் மீறுவதில்லை. வாத்தியக் குழுவின் இனிமை சில வேளைகளிற் சொல்லின் கூர்மையை மழுங்கச் செய்கின்றது. ஆயினும் இழப்பைப் பாடும்போது அழுகைக்கும் அமைதிக்கும் இடையில் நிற்கும் தொனியொன்றை அவர் அப்போதே கைவரப் பெற்றிருந்தார். ‘நீயின்றி என் வாழ்வு தொடர்கிறது’ எனப் பொருள்படும் தலைப்பை முதல் நெடுந்தட்டின் பாடலொன்றிற் காண்கிறோம். கைவிடப்பட்ட பெண்ணின் புலம்பலை எதிர்பார்க்கும் ஒரு பாட்டு மரபில், தொடரும் வாழ்வைத் தலைப்பாக்கியமை கருதத்தக்கது.

இவ்வாக்கங்களின் சமூக எல்லையை 1969இல் வெளியான ‘சிகேனார்வென்’ (ஜிப்சி நண்பன்) நன்கு காட்டுகிறது. இதன் இசை பெல்ற்ஸ்கொக்கினுடையது. சொற்கள் பெங்ற் ஹஸ்லும் எழுதியவை. 1914 முதல் 1954 வரை ரோமா மக்கள் தன் எல்லைக்குள் வருவதையே தடைசெய்திருந்த நாடு சுவீடன். அம்மக்களின் வாழ்வுரிமை பற்றி, ரோமா எழுத்தாளர் கத்தரீனா தைக்கொன் 1963இல் வெளியிட்ட நூல் முதலாகக் கடும் விவாதம் நிகழ்ந்துவந்தது. அச்சூழலில் திருமண விழாவும் காதலுமாக அமைந்த இப்பாடல், விவாதத்தைப் பணமாக்க முயல்கிறது என்னும் கண்டனத்துக்கு ஆளாயிற்று. உள்நோக்கம் பற்றிய அக்குற்றச்சாட்டிலும் முக்கியமானது, வீடும் பள்ளியும் மறுக்கப்பட்ட மக்கள் கூட்டத்தினரை வண்ணச் சித்திரமாக மட்டுமே காணும் பார்வை என நாம் கருதுகிறோம். அது தனியொருவரின் குறையன்று. அவ்விசைத் துறையின் குறையாகும்.

1968 முதல் ஜேர்மன் மொழியில் அவர் வெளியிட்ட தட்டுக்கள் மறுதலையான சான்றாகின்றன. அங்கு பெரும்பாலும் பிறர் ஆக்கிய பாடல்களே அவருக்குக் கிடைத்தன. குரல் அதுவே, ஆயின் பாடலில் அவரைக் காணல் அரிது. பாடகியையும் பாடலாசிரியரையும் பிரித்தால் எது எஞ்சும் என்பதை இத்தட்டுக்கள் முன்கூட்டியே உணர்த்தின எனலாம்.

அப்பிரிவினையே பின்னர் நிலைபெற்றது. 1971இல் அவர் பியோர்ன் உல்வேயசை மணந்தார். அவ்வாண்டு வெளிவந்த அவரது நெடுந்தட்டைத் தயாரித்தவரும் உல்வேயசே. குழு உருப்பெற்றபோது ஆக்கும் பணி உல்வேயஸ், பெனி அன்டர்சன் ஆகிய இருவரிடமும், தொடக்கத்தில் அவர்களோடு முகாமையாளர் ஸ்ரிக் அன்டர்சனிடமும் சென்றது; பாடும் பணி பெண்கள் இருவரையும் பெரிதும் சார்ந்தது. குழுவின் நெடுந்தட்டுக்களில் பெல்ற்ஸ்கொக் இசையமைத்த பாடல் 1973இல் வெளிவந்த ‘டிஸ்இலூஷன்’ ஒன்றேயாம். அதற்கும் சொற்கள் உல்வேயசினுடையவை. 1974 ஏப்ரல் 6ஆம் திகதி பிறைற்றனில் ‘வாற்றலூ’ வென்றபோது நெப்போலியன் வேடத்தில் வாத்தியக் குழுவை நடத்தியவர் ஸ்வென்-ஒலொவ் வால்டொவ். 1967இல் அவரது முதல் ஒலிப்பதிவுக்கு வாத்தியக் குழுவை நடத்தியவரும் அவரே. முன்னர் அக்குழு இசைத்தது அப்பெண் இயற்றிய பாடலை. பின்னர் இசைத்தது அவர் பாடிய, பிறர் இயற்றிய பாடலை.

அவரது ஆக்கத்திறன் வற்றிவிட்டது எனக் கூறுவார்க்கு 1975ஆம் ஆண்டின் ‘ஒரு வீட்டிற் பதினொரு பெண்கள்’ என்னும் சுவீடிஷ் நெடுந்தட்டு மறுமொழியாகும். கியூபொல் நிறுவனத்துடனான கடப்பாட்டை நிறைவேற்றும் முகமாக, உலகப் புகழின் நெருக்கடிக்கும் 1973இற் பிறந்த குழந்தையின் பராமரிப்புக்கும் இடையே, அவர் தாமே தயாரித்தது அது. ‘எஸ்.ஓ.எஸ்.’ நீங்கலாக அதிலுள்ள பாடல்கள் யாவற்றுக்கும் இசை அவருடையது. சொற்களை பொசே கார்ல்கிறென் எழுதினார். ஆகவே வற்றியது திறனன்று. அதற்கு வகுக்கப்பட்ட நேரமும் இடமுமே.

இவ்விடத்தில் முற்போக்கு விமர்சனமும் தன்னை வினவிக்கொள்ளுதல் வேண்டும். 1975இல் யூரோவிஷன் போட்டி ஸ்ரொக்ஹோமில் நடைபெற்றபோது, சுவீடனின் மாற்று இசை இயக்கத்தினர் அதற்கெதிராகத் தமது விழாவை நடத்தினர். இசை பண்டமாக்கப்படுவதை அவர்கள் எதிர்த்தமை நியாயமானதே. ஆனால் பண்டத்தை மட்டுமே நோக்கும் விமர்சனம், அப்பண்டத்தினுள் உறைந்திருக்கும் உழைப்புப் பிரிவினையைக் காணத் தவறிவிடும். யார் ஆக்கினார், யார் பாடினார், உரிமை யார் பெயரில் எழுதப்பட்டது என்னும் வினாக்கள் பொப்பிசைக்கும் உரியவை.

1980இல் வெளிவந்த ‘த வின்னர் ரேக்ஸ் இற் ஓல்’ பாடலை உல்வேயஸ் எழுத, பெல்ற்ஸ்கொக் பாடினார். மணமுறிவை அடுத்து எழுந்தமையால், அக்குரலிற் கேட்ட துயரை அவரது சொந்தத் துயராகவே பலர் கொண்டனர். ஆரம்ப இசைத்தட்டுக்களைக் கேட்டோர் அவ்வாறு எளிதிற் கூறார். பதினேழு வயதிலே தாமே எழுதி, தாமே மெட்டமைத்துப் பயின்ற கலைத்திறனே அங்கு தொழிற்படுகிறது. ஒரு பெண்ணின் உழைப்பை அவளது இயல்பு எனக் கூறி மறைப்பது விமர்சனத்தின் பழைய வழக்கம். அவ்வழக்கத்தைக் கைவிடுதற்கு அவ்வாரம்ப இசைத்தட்டுக்கள் எமக்குச் சான்றாக உள்ளன.