முள் ஆடும் கணக்கு

இண்டக்‌ஷன் மோட்டார்களில் பெரும்பாலானவற்றின் ரோட்டாருக்கு வெளியிலிருந்து ஒரு வயர்கூடப் போவதில்லை. 1889-இல் டோலிவோ-டோப்ரவோல்ஸ்கி அமைத்த அணில்கூண்டு வடிவம்தான் இன்றும் ஓடுகிறது: இரும்புத் தகடுகளுக்குள் அலுமினிய அல்லது செம்புக் கம்பிகள், இரு முனையிலும் அவற்றைச் சேர்க்கும் வளையங்கள். அதில் ஒரு கம்பி விரிசல் விட்டால் மெக்கரில் தெரியாது; மெக்கருக்கு ஸ்டேட்டர் காயிலின் இன்சுலேஷன் மட்டுமே தெரியும். ஆனாலும் மோட்டாரைப் பிரிக்காமலே அந்த விரிசலைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். நான் ரசிப்பது அந்த வித்தையை.

ஆரம்பம் ஸ்லிப்பில். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு போல் மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுற்றும். ரோட்டார் 1470 சுற்றினால் அது பின்தங்கும் அளவான ஸ்லிப் 2 சதவீதம். கம்பி அறுந்த ரோட்டாரில் மின்னோட்டம் சமச்சீராகப் பாயாது. அந்தக் கோணல் ஏர்கேப்பைத் தாண்டி ஸ்டேட்டர் மின்னோட்டத்தில் 48, 52 ஹெர்ட்ஸ்களில் தலைகாட்டும். தம்புராவின் இரு தந்திகள் இம்மி விலகினால் நாதத்தில் ஓர் அலைவு எழுமே, அதே கணக்குத்தான்: அம்மீட்டர் முள் நொடிக்கு இரண்டு முறை ஆடும், மோட்டாரின் உறுமலும் ஏறி இறங்கும்.

நுட்பமெல்லாம் லோடில் இருக்கிறது. லோடு இல்லாமல் ஓட்டினால் ஸ்லிப் ஏறக்குறைய பூஜ்யம், ரோட்டார் மின்னோட்டமும் அற்பம். ஸ்பெக்ட்ரம் அனலைசரில் தடயம் 50 ஹெர்ட்ஸின் பெரிய முகட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். பிஸ்டன் கம்ப்ரசரிலோ நல்ல மோட்டாரின் முள்ளும் ஆடும். அங்கே லோடை ஏற்றிப் பார்க்க வேண்டும். ஸ்லிப்போடு சேர்ந்து ஆட்டத்தின் வேகமும் கூடினால் குற்றவாளி ரோட்டார்.

சந்தேகம் மிச்சமிருந்தால் மோட்டாரை நிறுத்தி, இரண்டு ஃபேஸ்களுக்கு மட்டும் குறைந்த வோல்டேஜ் கொடுத்து, ஷாஃப்டைக் கையால் மெல்லச் சுற்றலாம். கம்பிகள் முழுதாக இருந்தால் முள் ஏறக்குறைய அசையாது. அறுந்த கம்பி ஒவ்வொரு போலையும் கடக்கும்போது முள் விலகிக் காட்டும்.

டிஜிட்டல் டாங் டெஸ்டர் நொடிக்குச் சில முறைதான் எண்ணை மாற்றும். இந்த ஆட்டம் அதில் நழுவிவிடும். ஸ்பெக்ட்ரம் அனலைசர் வாங்க வசதியில்லாத பட்டறைகள் பழைய முள் அம்மீட்டரையாவது காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருக்கட்டும்.