ஏறுகிறவர்களுக்கான ஓவியம்

மலேசியாவின் பத்துமலையில் 272 படிகளும் 2018 ஆகஸ்டில் வானவில்லாக மாறியபின், மேடு இருக்கும் ஊருக்கெல்லாம் அந்த ஆசை. ஊர் அழகாகும், பயணிகள் வருவார்கள் என்கிறார்கள். ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்ட போர்ட் பிளேரும் மேடுபள்ளமான ஊர்தான். அங்குள்ள பத்துபஸ்தி பகுதியின் சரிவுகளுக்கும் யாராவது இந்த யோசனையைக் கொண்டுவருவார்கள், முந்திக்கொண்டு மறுத்துவைக்கிறேன்.

லாபமும் உண்டு: வண்ணம் பூசும் சாக்கில் படிகள் கழுவப்படும், உடைந்த மூலைகள் சரியாகும். பழமை கெட்டது என்ற புலம்பலும் எனக்கில்லை. பத்துமலையிலேயே 1920-இல் போட்டவை மரப்படிகள், கான்கிரீட் பிறகுதான் வந்தது.

என் எதிர்ப்பெல்லாம் வண்ணம் விழும் இடத்தைப் பற்றியது. அது பூசப்படுவது படியின் செங்குத்தான முகப்பில். கீழே நின்று படம் எடுப்பவருக்கு அது ஓவியம். இறங்குகிறவர் கண்ணில் அது படவே படாது. ஆனால் மோசமாக விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். சமையல் எரிவாயுவின் காலி சிலிண்டரே 15 கிலோ அளவுக்கு இருக்கும். அதைத் தோளில் வைத்து இறங்குகிறவர் காலைப் பார்ப்பதில்லை. முதல் இரண்டு மூன்று படிகளில் கால் பழகிய உயரத்தை நம்பித்தான் அடுத்த அடியை வைக்கிறார். சரிவை அளக்காமல் கட்டினால் மிச்ச உயரமெல்லாம் கடைசிப் படியில் வந்து சேரும். அங்கேதான் கால் ஏமாறுகிறது. பொதுக் கட்டடங்களின் படிக்கு உயரம் 150 மில்லிமீட்டருக்கு மிகக்கூடாது, கால் வைக்கும் அகலம் 300-க்குக் குறையக்கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. தெருப்படிக்கு மட்டும் ஏன் ரசமட்டம் கூடாது?

மழையையும் சேர்த்துப் பாருங்கள். போர்ட் பிளேரில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர், இரண்டு பருவமழையும் சேர்த்து. ஓரத்தில் வாய்க்கால் இல்லாத படிக்கட்டே வாய்க்காலாகிவிடும், பிறகு பாசி. உற்சாகத்தில் கால் வைக்கும் பரப்பிலும் எனாமல் பெயின்ட் அடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இதற்கு வக்காலத்து வாங்குகிறவர்களில் எத்தனை பேர் ஐப்பசி மழையில், கையில் பையோடு, கைப்பிடி இல்லாத படியில் இறங்கியிருப்பார்கள்? எனக்குச் சந்தேகம்தான். சியோலின் இஹ்வா பகுதியில் பார்க்க வரும் கூட்டத்தின் தொல்லை பொறுக்காமல் குடியிருப்பவர்கள் சிலரே 2016-இல் படி ஓவியங்களை அழித்தார்கள். அவர்களுக்கு அது நடைபாதை, வந்தவர்களுக்குப் பின்னணித் திரை.

பெயின்ட் அடித்தே தீருவோம் என்றால் மஞ்சள் ஒரு டப்பா போதும். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மூன்று விரல் அகலத்துக்குக் கோடு இழுத்து, ஈரம் காயுமுன் மணல் தூவட்டும். மிச்சப் பணத்தில் கைப்பிடி போடலாம்.