ஒரு மாத வாசிப்பும் மூன்று கடல் நாவல்களும்

கோவளம் கார்மேல் அன்னையின் பெருவிழா ஜூலை 16இல் முடிந்தது. அதன் மறுநாள் தொடங்கி, விண்ணேற்பு விழா வருவதற்குள் மூன்று நாவல்களைப் படித்து முடித்தேன். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977), ராஜம் கிருஷ்ணனின் ‘அலைவாய்க் கரையில்’ (1978), ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) என்பன அவை. மூன்றும் தென்கடற்கரைக் கத்தோலிக்க மக்களின் வாழ்வைப் பேசுபவை. திட்டமிட்ட தேர்வன்று, முதல் நூலை மூடியதும் மற்ற இரண்டையும் கை தேடிற்று. முட்டுக்காட்டில் குடியிருப்பவனுக்குக் கடலைப் பற்றிப் படிக்கத் தனியே காரணம் வேண்டுவதில்லை.

‘கடல்புரத்தில்’ அளவிற் சிறியது. குரூஸ் மிக்கேல் தம் வல்லத்தை விற்க மறுக்கிறார். ஆசிரியப் பணியிலிருக்கும் மகன் செபஸ்தி, விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி அழைக்கிறான். கரையில் வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் பகை மூள்கிறது. பிலோமியோ, தான் நேசித்த சாமிதாஸை இழந்தும் அவன்மீது கசப்பை வளர்த்துக்கொள்ளவில்லை. மன்னிப்பைப் பற்றி ஆசிரியர் ஒரு மறையுரையும் ஆற்றவில்லை என்பதே இந்நாவலின் பெருமை. எனக்குள்ள குறை ஒன்றுதான்: பிலோமியின் மனத்தை நாம் அறியுமளவுக்கு அவள் தந்தையின் தொழிலை அறிவதில்லை. கடல் இங்கே பெரும்பாலும் பின்னணியாகவே நின்றுவிடுகிறது.

‘அலைவாய்க் கரையில்’ நாவலைப் பல ஆண்டுகளுக்கு முன் பாதியில் மூடிவைத்தவன் நான். மீனவர் தம் பிடிபாட்டில் கோவிலுக்கென்று ஒரு பங்கை இறுப்பதும், அதனால் எழும் மனக்கசப்பும் அதில் பெரிதும் பேசப்படுகின்றன. நம் வீட்டு வழக்கை வெளியார் ஒருவர் ஊரறியச் சொல்வதா என்று அன்று சினந்தேன். அந்தச் சினத்துக்கு இலக்கியக் காரணம் எதுவும் இருக்கவில்லை. இப்பொழுது முழுவதும் படித்தபின் வேறொன்று புலப்பட்டது. அதில் கணக்குக் கேட்பவர்கள் கோவிலை வெறுப்பவர்கள் அல்லர்; கோவில் தங்களுடையது என்று நம்பியவர்கள். நம்பாதவன் கணக்குக் கேட்கமாட்டான், ஒதுங்கிப் போய்விடுவான். மத்தேயு நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தில் ஆலய வரிக்கான நாணயம் மீனின் வாயிலிருந்தே கிடைக்கிறது. அதைச் செலுத்தச் சொல்லும் முன், பிள்ளைகள் வரிக்குக் கட்டுப்பட்டவர்களா என்று ஆண்டவர் பேதுருவைக் கேட்கிறார். அந்தப் பகுதியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கேள்வி கேட்கப்பட்டவர் ஒரு மீனவர் என்பது இந்நாவலைப் படித்த பின்னரே மனத்தில் தைத்தது.

ராஜம் கிருஷ்ணன் மக்களிடையே சென்று, கேட்டறிந்து எழுதியவர். அந்த உழைப்பின் பயன் இதில் உண்டு, பாரமும் உண்டு. சில இடங்களில் பாத்திரங்கள் பேசுவதை விடுத்து ஆசிரியரின் குறிப்பேட்டை வாசிக்கிறார்கள். ஆனால் அந்தக் குறையைச் சொல்லி, நூல் எழுப்பும் வினாவிலிருந்து நாம் நழுவிவிடலாகாது.

உவரியில் பிறந்த ஜோ டி குருஸ் கரையின் உள்ளிருந்து எழுதுகிறார். ‘ஆழி சூழ் உலகு’ நூலின் பேச்சுவழக்கு எனக்கு முதல் ஐம்பது பக்கங்கள் வரை பிடிபடவில்லை; பிறகு சொற்கள் தாமே பொருள் சொல்லத் தொடங்கின. கடலில் சிக்கிக்கொண்ட மூவரில் முதியவர்கள் இருவர், இளையவனான சிலுவை பிழைக்கவேண்டித் தம் உயிரை விடுகிறார்கள். இதனைத் தியாகம் என்று பெயரிட்டு ஆசிரியர் நம்மை அழவைக்க முயலவில்லை. மாந்தர் மிகுதியால் சில மரணங்கள் நம்மைத் தொடாமலே கடந்துபோகின்றன என்பதும் உண்மையே. இதில் வரும் காகு சாமியார், ஊர்மக்களின் துயரைத் தம் துயராகக் கொண்ட குரு. கசப்பைச் சொல்லும் நாவலையும் இந்தக் குருவைக் காட்டும் நாவலையும் அடுத்தடுத்துப் படித்தது என் நல்வினை. ஒன்றை மட்டும் படித்திருந்தால் தென்கரைத் திருச்சபையை நான் பாதியே அறிந்திருப்பேன். மூன்றில் எது சிறந்தது என்று கேட்டால் இதையே சொல்வேன். எது எனக்குத் தேவையாயிருந்தது என்று கேட்டால், முன்பு நான் மூடிவைத்த நூலைச் சொல்வேன்.

அந்த நாவல் வெளிவந்த 2004ஆம் ஆண்டின் டிசம்பர் 26 அன்றுதான் ஆழிப்பேரலை நம் கரைகளையும் தாக்கிற்று. முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள குப்பங்களைப் பிறந்த மண்ணின் மொழியில் எழுத, இங்கே வளரும் பிள்ளைகளில் ஒருவர் வரவேண்டும். பங்குதோறும் உள்ள நூலகப் பேழைகளில் இம்மூன்று நூல்களும் இருந்தால் அதற்கு ஒரு தூண்டுதலாகும். ‘அலைவாய்க் கரையில்’ நூலையும் விலக்காமல் வைக்கவேண்டும்.

இனிப் படிக்கவிருப்பவை: 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘கொற்கை’ ஆயிரம் பக்கத்தைக் கடந்தது, மழைக்காலத்துக்கென்று அதை ஒதுக்கியிருக்கிறேன். தகழியின் ‘செம்மீன்’ நாவலைச் சுந்தர ராமசாமியின் தமிழில் மீண்டும் படிக்கவேண்டும். அதற்கும் முன்பாக, நெடுநாள் கடனாக நிற்பது வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’. தச்சுத் தொழிலாளியான சூசையப்பரைத் தலைவராகக் கொண்ட காப்பியம், பாடல்கள் 3615. நாளொன்றுக்குப் பத்து வீதம் படித்தால் ஏறத்தாழ ஓராண்டு. நாட்டுப் படலத்திலேயே இருமுறை நின்றுவிட்டவன் நான். இம்முறை உரையோடு கூடிய பதிப்பை வாங்கி வைத்திருக்கிறேன். செப்டம்பர் முதல் நாளில் தொடங்குகிறேன்.