புனித விசுவாசத்தின் பெயரால் ஒரு நகர்

ஒரு நகரத்துக்கு விசுவாசத்தின் பெயரையே சூட்டிவிடலாம்; அந்த நகரம் அப்பெயருக்கு ஏற்றபடி வாழ்ந்ததா என்பது வேறு கேள்வி. அமெரிக்க நாட்டின் நியூ மெக்ஸிகோ மாநிலத் தலைநகரான சாண்டா ஃபே இக்கேள்வியை நம்முன் வைக்கிறது. ஸ்பானிய மொழியில் அப்பெயரின் பொருள் 'புனித விசுவாசம்' என்பதாகும்.

செம்பட்டிச் சமவெளியிலிருந்து பழனிமலைத் தொடரை நாள்தோறும் காணும் நமக்கு அந்நகரின் உயரத்தை உணர்த்துவது எளிது. கோடைக்கானலைப் போல அதுவும் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ளது. ஆனால் சோலையும் மூடுபனியும் அங்கில்லை. ஆண்டு மழை சுமார் 14 அங்குலமே. நமது திண்டுக்கல் சமவெளி பெறுவதில் பாதிக்கும் குறைவு. களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து வெயிலில் உலர்த்திய பச்சைக் கற்களால் எழுந்த வீடுகள் அந்நகரின் அடையாளம். நம் ஊர்களில் மண்சுவர் வறுமையின் சின்னமாகக் கருதப்பட்டு மறைந்து வருகிறது. அங்கோ 1957ஆம் ஆண்டின் நகரச் சட்டம் மண்வீட்டுத் தோற்றத்தைப் பாதுகாக்கிறது.

இந்நகரை இலக்கியத்தில் நிலைநிறுத்தியது வில்லா கேத்தர் 1927இல் வெளியிட்ட 'மரணம் பேராயரைத் தேடி வருகிறது' என்னும் நாவல். ஆசிரியர் கத்தோலிக்கர் அல்லர். எனினும் ஒரு மறைபரப்பாளரின் தனிமையையும் நட்பையும் செபத்தையும் இவ்வளவு பரிவுடன் எழுதிய கத்தோலிக்கரும் சிலரே. 1851இல் அங்கு வந்து சேர்ந்த பிரெஞ்சு ஆயர் லாமியின் வாழ்வே கதையின் கரு. நாவலில் அவர் பெயர் லத்தூர். விறுவிறுப்பான கதைப்பின்னல் எதுவுமில்லை. நீண்ட குதிரைப் பயணங்கள், பாறைமேல் அமைந்த ஊர்கள், ஒளி நிறைந்த வானம் ஆகியவை அமைதியாக நம்முன் விரிகின்றன.

இந்த அழகை மனமாரப் பாராட்டும் நாம் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஆயருக்குப் புனைபெயர் தந்த ஆசிரியர், அவரை எதிர்த்த தாவோஸ் பங்குக்குரு அந்தோனியோ ஹோசே மார்த்தினேஸை அவருடைய சொந்தப் பெயராலேயே அழைக்கிறார். அழைத்து, ஆசையும் ஆணவமும் மிக்கவராகத் தீட்டுகிறார். வரலாற்றில் மார்த்தினேஸ் பள்ளி நடத்தியவர், அச்சகம் நடத்தியவர், சட்டமன்றத்தில் பணியாற்றியவர். தசமபாகம் செலுத்தாதோருக்கு அருளடையாளங்களை மறுக்கும் ஆயரின் ஆணையைக் கண்டித்தவர். அவரிடம் குறைகள் இருந்திருக்கலாம். ஆயினும் ஏழைகளின் சார்பில் எழுந்த ஒரு குரல், நாவலில் வெறும் கலகக் குரலாகச் சுருங்கிவிட்டது. எதிர்த்தவரை நேர்மையாகக் கேட்பதும் கலையின் கடமை அன்றோ?

லாமி 1869இல் தொடங்கிய பேராலயம் பொன்னிறக் கல்லால் எழுந்தது. பழைய மண்கோவிலைச் சுற்றியே புதிய சுவர்கள் உயர்ந்தன. பின்னர் உள்ளிருந்த பழைய கோவில் இடிக்கப்பட்டது. தலைமுறைகள் செபித்த அந்த மண்சுவர்களின் இழப்பில் நாவல் தங்குவதில்லை.

அதற்கும் முந்திய காயம் ஒன்று உண்டு. 1610இல் ஸ்பானியர் நிறுவிய இந்நகரை, 1680இல் போப்பே என்பவரின் தலைமையில் எழுந்த புவெப்லோ பழங்குடியினர் கைப்பற்றினர். 21 பிரான்சிஸ்கன் துறவியர் உட்பட ஏறத்தாழ 400 பேர் மாண்டனர். கட்டாய உழைப்பும் தங்கள் பழைய வழிபாட்டுக்கு விதிக்கப்பட்ட தடையும் அவர்களை அந்நிலைக்குத் தள்ளின. 1693 டிசம்பரில் தெ வர்காஸ் படையுடன் நகரை மீட்டு, 70 பேரைக் கொன்றார். அம்மீட்பைக் கொண்டாடிய நாடகம் பழங்குடியினரின் எதிர்ப்புக்குப் பிறகு 2018இல்தான் கைவிடப்பட்டது.

அதே 1693ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஓரியூரில் புனித அருளானந்தர் தலை வெட்டுண்டு இறந்தார். அவர் பின்னால் படை எதுவும் நிற்கவில்லை. ஒரே ஆண்டு, ஒரே விசுவாசம். எனினும் இரண்டு வழிகள். இதை எண்ணி நாம் பெருமிதம் கொள்ளலாம். ஆனால் அப்பெருமிதத்திலேயே நின்றுவிடலாகாது. வடக்கன்குளம் ஆலயத்தில் இறைமக்களைப் பிரித்து நின்ற சாதிச்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. வாளேந்தாத விசுவாசமும் சுவர் எழுப்பக்கூடும் என்பதற்கு நம் மண்ணே சாட்சி.

இத்தனை குறைகளுக்கிடையிலும் இந்நாவலை நாம் பரிந்துரைப்பதற்கு ஒரு காட்சியே போதும். டிசம்பர் இரவொன்றில் உறக்கமின்றிக் கோவிலுக்கு வரும் ஆயர், வாசலில் குளிரில் நடுங்கும் சாதா என்ற அடிமைக் கிழவியைக் காண்கிறார். வேறு சபையைச் சார்ந்த எசமானர்கள் அவளைக் கோவிலுக்கு வர விடுவதில்லை. அவளை உள்ளே அழைத்துச்சென்று, தம் மேலங்கியால் போர்த்தி, அவளுடன் முழந்தாளிடுகிறார். அங்கியை அவள் எடுத்துச்செல்ல இயலாது, கண்டால் தண்டிப்பர். ஆகவே, ஒளித்து வைத்துக்கொள்ளக்கூடிய சிறு மாதா பதக்கம் ஒன்றைத் தருகிறார். அவளது விசுவாசத்தின் முன் தம்முடைய வறட்சியை அவர் உணர்கிறார்.

படைத்தலைவரும் பேராலயமும் அல்ல, இந்தக் கிழவியே அந்நகரின் பெயருக்குப் பொருள் தருகிறாள். நமது பங்குகளின் வரலாற்றை எழுத முன்வருவோரும் கட்டியவர்களின் பெயர்ப்பலகையோடு நிறுத்தாமல், வாசலில் நிறுத்தப்பட்டவர்களையும் தேடிச்செல்வார்களாக.