மடக்குக் கேமராவின் முதுகு

பழைய மடக்குக் கேமரா வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "இது எந்தக் கம்பெனி?" என்றுதான். விற்பவரும் அதற்குத்தான் பதிலைத் தயாராக வைத்திருப்பார். அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறவருக்கு அந்தக் கேள்வி போதும். படம் எடுக்க வாங்குகிறவர் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: ஃபிலிம் உட்காரும் பின்பக்கம் என்ன அளவு? அதற்குரிய ஹோல்டர்கள் கூடவே வருகின்றனவா?

பெயரை வைத்து முடிவெடுப்பதில் உள்ள சிக்கல் சின்னதல்ல. நூறாண்டுக்கு முந்தைய இங்கிலாந்து மரக் கேமராக்களில் பல, செய்தவர் பெயர் இல்லாமல், விற்ற கடையின் பெயரைத் தாங்கி வந்தவை. லென்ஸுக்கு முன்னால் மாட்டியிருக்கும் திரைச்சீலை ஷட்டரில் 'தார்ன்டன் பிக்கார்ட்' என்று இருக்கும். உடனே கேமராவே அவர்களுடையது என்று சொல்லிவிடுவார்கள். ஆல்ட்ரிங்ஹாமில் இருந்த அந்த நிறுவனம் ஷட்டரைத் தனியாகவும் விற்றது, எந்தக் கேமராவிலும் அது ஏறியிருக்கலாம். ஜப்பானின் தாச்சிஹாரா அமெரிக்காவில் கேலுமெட் வுட்ஃபீல்டு என்ற பெயரிலும் விலைபோனது. அதே கேமராவுக்குப் பெயரைப் பொறுத்து விலை ஏறி இறங்குவதில் படம் எடுப்பவருக்கு என்ன லாபம்?

மஹாகனி மரமும் பித்தளைப் பொருத்துகளுமாக வரும் இங்கிலாந்து ஹாஃப் பிளேட் கேமராவை எடுத்துக்கொள்வோம். எடை குறைவு, லென்ஸை மேலே தூக்கலாம், பின்பக்கத்தைச் சாய்க்கலாம். கட்டடமோ மலையோ எடுக்க இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தேவையில்லை. தடை அளவில் இருக்கிறது. ஹாஃப் பிளேட் என்றால் 4¾ × 6½ அங்குலம். இன்று எளிதாகக் கிடைக்கும் 4 × 5 ஃபிலிம் அதற்குச் சின்னது, 5 × 7 பெரியது. ஹோல்டர்களோ அந்தந்தக் கேமராவுக்கென்று தச்சர் இழைத்துப் பொருத்தியவை. அதே அளவுள்ள இன்னொரு கேமராவின் ஹோல்டர் இதில் நுழையாமல் போகலாம். நுழைந்தாலும் ஒளி கசியலாம். 1940-களில் ஆலப்புழையில் கருணாகரன் செய்யத் தொடங்கி, தென்னிந்திய ஸ்டூடியோக்களில் உழைத்த வாகீஸ்வரி கேமராக்களையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். அவற்றின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் ஹோல்டர் தொலைந்துபோன வாகீஸ்வரி, வரலாற்றுப் பொருளாக மட்டுமே மிஞ்சுகிறது.

ஹோல்டர் இருந்தாலும் அளந்து பார்க்காமல் நம்பக்கூடாது. ஒரு வெர்னியர் காலிப்பரும் நேரான இரும்பு அளவுகோலும் போதும். அளவுகோலை ஹோல்டரின் விளிம்பில் குறுக்கே வைத்து, உள்ளே போட்ட பழைய ஃபிலிமின் மேற்பரப்புவரை ஆழம் பாருங்கள். பிறகு மங்கல் கண்ணாடிச் சட்டத்தைத் திருப்பி, அது கேமராவில் படியும் விளிம்பிலிருந்து கண்ணாடியின் சொரசொரப்பான பக்கம்வரை அளந்து பாருங்கள். அந்தப் பக்கம் லென்ஸை நோக்கி இருக்க வேண்டும். உடைந்த கண்ணாடியை மாற்றியவர்கள் பலர் இதைத் தலைகீழாக மாட்டியிருப்பார்கள். இரண்டு ஆழமும் ஒன்றாக இருக்க வேண்டும். 4 × 5 ஹோல்டருக்கு அமெரிக்கத் தரநிலை 0.197 அங்குலம், 0.007 கூடலாம், குறையலாம். கண்ணாடித் தகட்டுக்கான பழைய ஹோல்டரில் ஃபிலிமை வெறுமனே செருகினால் அது வளைந்து நிற்கும். தகர உறை வேண்டும்.

இவ்வளவு கறார் தேவையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 0.1 மி.மீ. வரையான மங்கல் புள்ளியைத் தெளிவாகவே கொள்ளும் வழக்கமான கணக்கில், எஃப் 22-இல் ஃபிலிம் இரண்டு மி.மீ. தள்ளி நின்றாலும் படம் தப்பிவிடும். நிலக்காட்சி மட்டும் எடுப்பவருக்குப் பல குறைகள் தெரியாமலே போவதும் அதனால்தான். எஃப் 5.6-இல் ஒரு முகத்தை எடுத்துப் பாருங்கள். அங்கே தாங்குவது அரை மி.மீ. அளவுதான், கண்ணில் வைத்த குவியம் காதில் போய் விழும். விற்பவர் காட்டும் மாதிரிப் படம் எந்தத் துவாரத்தில் எடுத்தது என்று கேட்காமல் அதைச் சாட்சியாக ஏற்க முடியாது.

அமெரிக்க கிரௌன் கிராஃபிக் இந்தப் பரீட்சையில் பொதுவாக நன்றாகவே தேறும். அதன் பிற்கால கிராஃப்லாக் முதுகில் இன்றைய 4 × 5 ஹோல்டர் அப்படியே உட்காரும். ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும்: மங்கல் கண்ணாடிக்கு முன்னால் ஃப்ரெனல் தகடு இருந்த கேமராவில் யாராவது அதைக் கழற்றிவிட்டால் குவியம் தவறிவிடும். உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. லென்ஸ் பின்னால்தான் சாயும், முன்னால் சாயாது. காலடிப் புல்லிலிருந்து தொலைவு மலைவரை ஒரே தெளிவு வேண்டும் என்றால் லென்ஸ் நிற்கும் அடித்தட்டை இறக்கி, லென்ஸைத் தூக்கிச் சரிக்கட்ட வேண்டும். பின்பக்கத்துக்கோ அசைவே இல்லை. பத்திரிகைக்காரர் கையில் பிடித்து எடுக்கச் செய்த கேமராவிடம் கள வேலை முழுவதையும் எதிர்பார்ப்பது முறையல்ல.

ஜப்பானிய மரக் கேமராக்களான தாச்சிஹாராவிலோ விஸ்டாவிலோ லென்ஸ் பக்கமும் பின்பக்கமும் சாயும், ஹோல்டரும் இன்றையதே. தாச்சிஹாராவின் துருத்தி ஏறத்தாழ 330 மி.மீ. வரைதான் நீளும். 300 மி.மீ. லென்ஸ் மாட்டினால் மூன்றேகால் மீட்டருக்கு இப்பால் குவியாது. 150 மி.மீ. லென்ஸில் ஒரு பூவை அதே அளவில் எடுக்கலாம், ஆனால் துருத்தி 300 மி.மீ. நீளும்போது ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும், இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும். பெரும்பாலானவருக்கு இந்த எல்லை போதும்.

ஆகவே ஒரே ஒரு கேமரா வாங்குகிறவர் ஜப்பானிய 4 × 5 மரக் கேமராவைத் தேடட்டும். இருட்டறையில் துருத்திக்குள் டார்ச் விட்டு, மடிப்பு மூலைகளில் ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்கட்டும். ஓட்டை ஒன்றிரண்டு என்றால் அடைக்கலாம். தோல் பொடிந்து உதிர்ந்தால் புதுத் துருத்தியின் செலவையும் விலையில் கழிக்க வேண்டும். கையிருப்பு குறைவு, சாய்வு அதிகம் வேண்டாம் என்பவருக்கு கிரௌன் கிராஃபிக். ஹாஃப் பிளேட் மஹாகனியை, அதனுடனே பிறந்த ஹோல்டர் இரண்டு மூன்றாவது இருந்து, 5 × 7 புகைப்படத் தாளை வெட்டி நெகட்டிவாகப் பயன்படுத்தும் பொறுமையும் இருந்தால் மட்டும் வாங்கலாம். ஹோல்டர் இல்லையென்றால், எந்தப் பெயர் பொறித்திருந்தாலும், படம் எடுக்க அது வேண்டாம்.